பகிர்ந்தியங்கும் அமைப்புகளில் ஆராய்ச்சி: கேள்வி முதல் கட்டுரை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று கிளைகள் கொண்ட ஒரு நூலகம். ஒரு புத்தகத்தின் கடைசிப் பிரதி மட்டும் மிச்சம் இருக்கிறது. கிளைகளை இணைக்கும் நெட்வொர்க் அறுந்து கிடக்கும் நேரத்தில், இரண்டு கிளைகளில் இரண்டு பேர் அதே புத்தகத்தைக் கேட்கிறார்கள். கணினி என்ன பதில் சொல்லவேண்டும்? இருவருக்கும் "சரி" என்றால் ஒருவர் ஏமாறுவார். இருவரையும் "பொறுங்கள்" என்றால் புத்தகம் அலமாரியில் இருந்தும் யாருக்கும் கிடைக்காது.

பல கணினிகள் நெட்வொர்க் வழியே சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும், டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம் என்று நாம் பேச்சில் சொல்லும் பகிர்ந்தியங்கும் அமைப்புகளின் சிக்கல் முழுவதும் இந்தச் சின்னக் காட்சிக்குள் அடங்கிவிடும். ஒரு பகுதி செத்துப்போய், மற்றப் பகுதிகள் அது செத்ததா தாமதிக்கிறதா என்று தெரியாமலே முடிவெடுக்க வேண்டியிருப்பதுதான் அந்தச் சிக்கல். ஆராய்ச்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் கருவியிலிருந்து தொடங்குகிறார்கள்: காஃப்கா என்ற செய்தி கடத்தும் மென்பொருளை வைத்து ஏதாவது செய்யலாம், பிளாக்செயினை எங்காவது பொருத்தலாம் என்று. நான் சொல்லப்போகும் வழி வேறு. எது உடையும், உடைந்த நேரத்தில் பயனருக்கு என்ன வாக்குக் கொடுக்கிறோம் என்ற இரண்டையும் முதல் நாளே எழுதிவைப்பது. மீதி வேலைகள் அந்த இரண்டிலிருந்து பிறக்கும். இந்த நூலகத்தையே கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

படி 1: கேள்வியைத் தோல்வியிலிருந்து எடுங்கள்

நல்ல கேள்விகள் பழுதுப் பதிவுகளில் கிடக்கின்றன. பெரிய கிளவுட் நிறுவனங்கள் சேவை முடங்கியபின் வெளியிடும் விளக்க அறிக்கைகளையும், காசாண்ட்ரா, ஹெச்பேஸ் டேட்டாபேஸ்கள் போன்ற திறந்த மூலத் திட்டங்களின் பழுதுப் பட்டியல்களையும் ஒரு மாதம் பொறுமையாகப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி எழுதுங்கள்: எது முதலில் உடைந்தது, யார் எதை நம்பியிருந்தார்கள், அந்த நம்பிக்கை எங்கே பொய்த்தது, எப்படிச் சரிசெய்தார்கள். முப்பது நாற்பது பதிவுகளுக்குப் பிறகு ஒரே வடிவம் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். அதுதான் உங்கள் கேள்வியின் கரு.

இந்த வேலையே ஆராய்ச்சியாக மதிக்கப்படுவதும் உண்டு. 2014-இல் ஓஎஸ்டிஐ என்ற கணினி அமைப்புகள் மாநாட்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஐந்து புகழ்பெற்ற அமைப்புகளில் நடந்த 198 தோல்விகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தது. மொத்த அமைப்பையும் கவிழ்த்த தோல்விகளில் 92 சதவீதம், மென்பொருளே தெளிவாக எழுப்பிய பிழை அறிவிப்பைச் சரியாகக் கையாளாததால் வந்தவை. அதே ஆய்வின் இன்னொரு முடிவை உங்கள் மேசைமேல் ஒட்டிவையுங்கள்: 98 சதவீதத் தோல்விகளை மூன்றோ அதற்குக் குறைவோ ஆன நோடுகளிலேயே (அமைப்பில் பங்கேற்கும் ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு) மறுபடி வரவைக்க முடியும். ஆயிரம் சர்வர்கள் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டியதில்லை, ஒரு மடிக்கணினி போதும்.

கேள்வியை இப்படி எழுதிப் பாருங்கள்: "இன்ன பழுது நேரும் சூழலில், இன்ன வாக்குறுதியை, இன்ன விலைக்குள் காப்பாற்ற முடியுமா?" நூலகத்துக்கு: "கிளைகளின் இணைப்பு பத்து நிமிடம் அறுந்தாலும், இருப்பைவிட அதிகமாக ஒரு பிரதியும் கொடுக்காமல், தேவையற்ற மறுப்புகளை எவ்வளவு குறைக்கலாம்?" சூழல், வாக்கு, விலை மூன்றும் இதில் இருக்கின்றன. ஒன்று விடுபட்டாலும் பிறகு எதை அளப்பது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

படி 2: எதை நம்புகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஆங்கிலத்தில் சிஸ்டம் மாடல் என்பார்கள். ஒரு பக்கம் போதும். மூன்று கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கவேண்டும்.

முதலாவது நேரம். செய்தி போய்ச்சேர மேல்வரம்பு உண்டா? இல்லை என்றால் 1985-இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் நிறுவிய முடிவு குறுக்கே நிற்கும்: நேர வரம்பே இல்லாத நெட்வொர்க்கில் ஒரே ஒரு நோடு நின்றுபோகக் கூடும் என்றாலும், எல்லா நோடுகளையும் ஒரே முடிவுக்குக் கொண்டுவரும் கருத்தொற்றுமை அல்கரிதம், தற்செயலின் உதவி இல்லாமல், எப்போதும் கட்டாயம் முடிவுக்கு வரும்படி இருக்க முடியாது. நடைமுறை அமைப்புகள் பெரும்பாலும் 1988-இல் டுவொர்க், லிஞ்ச், ஸ்டாக்மேயர் முன்வைத்த நடுவழியைப் பிடிக்கின்றன: நெட்வொர்க் சில காலம் தாறுமாறாக நடந்துகொள்ளலாம், ஆனால் என்றோ ஒருநாள் ஒழுங்குக்கு வரும். ஒழுங்கற்ற காலத்தில் தவறான பதில் தரக்கூடாது, ஒழுங்கு திரும்பியதும் வேலை நகரவேண்டும். பாக்சோஸ், 2014-இன் ராஃப்ட் என்ற புகழ்பெற்ற கருத்தொற்றுமை அல்கரிதங்கள் இரண்டும் இந்த நிலத்தில்தான் நிற்கின்றன.

இரண்டாவது பழுதின் வகை. நோடு நின்றுபோகுமா, நின்று பழைய நினைவோடு எழுந்துவருமா, அல்லது பொய் சொல்லுமா? நின்றுபோவது மட்டும் என்றால், f பழுதுகளைத் தாங்க 2f+1 நோடுகள். பொய் சொல்லக்கூடியவை என்றால் 3f+1. இந்த ஒரு வேறுபாடு உங்கள் செலவை மாற்றிவிடும். நூலகக் கிளைகள் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பவை என்றால் முதல் வகையே போதும். ஒருவரையொருவர் நம்பாத நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் அமைப்புக்கு இரண்டாவது தேவை.

மூன்றாவது, நெட்வொர்க் எப்படிப் பிளவுபடும். இரண்டாகத் துண்டாவதை எல்லோரும் நினைப்பார்கள். "அ" நோடு "ஆ"வைப் பார்க்கிறது, "ஆ" "இ"யைப் பார்க்கிறது, ஆனால் "அ"வுக்கும் "இ"க்கும் இடையே மட்டும் வழியில்லை என்ற அரைப் பிளவும் நடக்கிறது. ஒரு திசையில் மட்டும் செய்தி தொலைவதும் நடக்கிறது. எழுதாமல் விட்டதைச் சோதனையிலும் விட்டுவிடுவோம் என்பதால் இந்தப் பக்கத்தில் சோம்பல் கூடாது.

படி 3: வாக்குறுதியைச் சொல்லாக்குங்கள்

"நம்பகமானது", "ஒத்திசைவானது" போன்ற சொற்களை வரைவிலிருந்தே நீக்கிவிடுங்கள். வாக்குறுதிகள் இரண்டு வகை. கெட்டது ஒருபோதும் நடக்காது என்பது சேஃப்டி. நல்லது ஒருநாள் நடக்கும் என்பது லைவ்னெஸ். நூலகத்தில் "கொடுத்த பிரதிகள் ஒருபோதும் இருப்பைத் தாண்டாது" முதல் வகை. "கேட்டவருக்குக் கடைசியில் ஒரு பதில் வரும்" இரண்டாவது.

அடுத்து, பயனர் கண்ணுக்கு அமைப்பு எப்படித் தெரியவேண்டும் என்பது. 1990-இல் ஹெர்லிஹியும் விங்கும் வரையறுத்த லீனியரைசபிலிட்டி மிகக் கடுமையானது: எத்தனை நகல்கள் இருந்தாலும், ஒரே ஒரு நகல் இருப்பதுபோலவும், ஒவ்வொரு செயலும் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே ஏதோ ஒரு கணத்தில் நடந்து முடிந்ததுபோலவும் தெரியவேண்டும். 2000-இல் எரிக் புரூவர் ஊகமாகச் சொல்லி, 2002-இல் கில்பர்ட்டும் லிஞ்சும் நிறுவிய கேப் தேற்றம், நெட்வொர்க் பிளவு நேரத்தில் இந்தக் கடுமையையும் எல்லாக் கேள்விக்கும் பதிலையும் சேர்த்துத் தரமுடியாது என்கிறது. "மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடு" என்று அதைச் சுருக்குவது தவறு. பிளவு நம் தேர்வில் இல்லை, அது வந்தே தீரும். பிளவு வந்தபோது எதை விடுகிறோம் என்பதே தேர்வு.

இந்த இடத்தில்தான் ஆராய்ச்சிக்கு இடம் பிறக்கிறது. 2011-இல் ஷாபிரோவும் கூட்டாளிகளும் முறைப்படுத்திய சிஆர்டிடி தரவு அமைப்புகளில், ஒவ்வொரு நகலும் தனித்தனியே மாறினாலும் பின்னர் தானாக ஒன்றுசேரும். ஆனால் ஒரு சாதாரணச் சிஆர்டிடி எண்ணியை நூலக இருப்புக்குப் பயன்படுத்தினால், இரண்டு கிளைகளும் ஒன்றைக் கழித்து, சேரும்போது இருப்பு மைனஸ் ஒன்றாகிவிடும். ஒன்றுசேர்வது வேறு, வரம்பு காப்பது வேறு. இதற்கு ஒரு பழைய மருந்து உண்டு. 1986-இல் ஓ'நீல் டேட்டாபேஸ்களுக்காகச் சொன்ன எஸ்க்ரோ முறை: கொடுக்கும் உரிமையை முன்கூட்டியே பங்கிடுவது. பத்துப் பிரதிகளில் இந்தக் கிளைக்கு நான்கு, அந்தக் கிளைக்கு மூன்று என்று உரிமை பிரித்துவிட்டால், இணைப்பு அறுந்தாலும் அவரவர் பங்குவரை யாரையும் கேட்காமல் கொடுக்கலாம். கடைசிப் பிரதியின் உரிமை ஒரு கிளையிடம் மட்டுமே இருக்கும், மற்றக் கிளை "இப்போது முடியாது" என்று நேர்மையாகச் சொல்லும். பங்கை எப்படிப் பிரிப்பது, எப்போது மறுபடி பங்கிடுவது என்பது நம் முதல் படிக் கேள்விக்கான நேரடிப் பாதை.

படி 4: அளவோடு படியுங்கள்

எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தொடங்குகிறேன் என்பவர்கள் தொடங்குவதில்லை. கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட்டின் 1978 கட்டுரையைக் கட்டாயம் படியுங்கள். கடிகாரத்தை நம்பாமல், எது எதற்கு முன் நடந்திருக்கக்கூடும் என்பதை மட்டும் வைத்து நிகழ்வுகளை வரிசைப்படுத்த அது கற்றுத்தரும். மேலே சொன்னவற்றையும் உங்கள் கேள்விக்கு நெருங்கிய நான்கைந்து அண்மைக் கட்டுரைகளையும் அதோடு சேருங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் தேடவேண்டியது, இவர்கள் எதை நம்பியிருக்கிறார்கள் என்ற அந்த ஒரு பத்தி. இரண்டு கட்டுரைகளின் முடிவுகள் முரண்படுவதாகத் தோன்றினால், பெரும்பாலும் அவற்றின் நம்பிக்கைகள்தான் வேறாக இருக்கும்.

படி 5: நிரல் எழுதுமுன் மாதிரியைச் சோதியுங்கள்

மனித மூளை செய்திகளின் எல்லா வரிசை மாற்றங்களையும் யோசிக்கக் கூடியதன்று. பல கணினிகளில் பிரித்துவைத்த தரவு எங்கே இருக்கிறது என்று தேடித்தரும், 2001-இல் வெளியான கார்ட் நெறிமுறையைப் பல ஆண்டுகள் எல்லோரும் சரியென்றே நம்பினார்கள். ஆய்வாளர் பமேலா ஜேவ் சிறிய மாதிரி ஒன்றைக் கட்டிக் கணினியைக் கொண்டு துழாவியபோது, அது வெளியிடப்பட்ட வடிவத்தில் சரியாக இல்லை என்று தெரிந்தது. அமேசானில் டிஎல்ஏ பிளஸ் என்ற மாதிரி எழுதும் மொழியைக் கொண்டு சோதித்தபோது, டைனமோடிபி என்ற அவர்களது டேட்டாபேஸில் சிக்கிய ஒரு பிழையை வெளிக்கொணர, மிகக் குறுகிய பாதையே 35 படிகள் நீளமிருந்தது. 35 படிகளைக் கரும்பலகையில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

உங்கள் மாதிரியில் மூன்று கிளைகள், இரண்டு பிரதிகள், செய்தி தொலைதல், செய்தி இரட்டிப்பு, நோடு நின்று மீளுதல் இவை இருந்தால் போதும். சேஃப்டி வாக்கை மாறாவிதியாக எழுதி ஓடவிடுங்கள். பிழையே வராவிட்டால் உடனே மகிழவேண்டாம். வேண்டுமென்றே ஒரு விதியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் பிழை வராவிட்டால் உங்கள் மாதிரி எதையுமே சோதிக்கவில்லை என்று பொருள்.

படி 6: வேறொருவர் அமைப்போடு பேசவையுங்கள்

எல்லாக் கிளைகளிலும் ஒரே மென்பொருள் ஓடும்வரை வாழ்க்கை எளிது. இன்னொரு நூலகம், வேறு குழு, வேறு மொழியில் எழுதிய மென்பொருளோடு சேர்ந்ததும் ஒத்தியங்குதல் என்ற தனிச் சிக்கல் முளைக்கும். இதற்கு வரலாறு நீளமானது. வெவ்வேறு கணினிகளில் உள்ள நிரல்கள் ஒன்றையொன்று அழைப்பதற்கான கோர்பா தரநிலை 1991-இல் வந்தபோது, வெவ்வேறு நிறுவனங்களின் கோர்பா மென்பொருள்களே ஒன்றோடொன்று பேசமுடியவில்லை. ஐஐஓபி என்ற பொது நெறிமுறை 1990-களின் நடுவில் சேர்க்கப்பட்ட பிறகே வழி பிறந்தது. அதன்பின் இதே வேலைக்குச் சோப், ரெஸ்ட், ஜிஆர்பிசி என்று முறைகள் தலைமுறை தலைமுறையாக மாறின. கம்பிமேல் போகும் வடிவம் ஓரளவு தீர்ந்துவிட்டது. தீராதது பொருள். என் பார்வையில் இந்தத் துறையில் இன்று ஆராய்ச்சி மிகவும் தேவைப்படுவதும் அந்த இடத்தில்தான்.

எழுத்திலிருந்தே தொடங்குவோம். தமிழில் "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூடிஎஃப்-8 வடிவில் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். ஒரு நூலகம் "கொடி" என்ற தலைப்பை முதல் வடிவிலும் இன்னொன்று இரண்டாவது வடிவிலும் வைத்திருந்தால், பைட்டுகளை ஒப்பிடும் தேடல் "இல்லை" என்று சொல்லும். யூனிகோடின் என்எஃப்சி முறையில் இரண்டு பக்கமும் ஒரே வடிவுக்கு இயல்பாக்கினால் தீரும். ஆனால் எந்தப் பக்கம், எந்தக் கட்டத்தில் செய்வது என்பது இரு தரப்பும் சேர்ந்து எழுதவேண்டிய ஒப்பந்தம். ஒரு தரப்பு மட்டும் செய்தால், அதே பைட்டுகளின்மேல் கணக்கிட்ட டிஜிட்டல் கையொப்பம் பொருந்தாமல் போகும்.

அடுத்து எண்கள். அமைப்புகள் தரவைப் பரிமாறப் பயன்படுத்தும் ஜேசன் வடிவத்தில் எண்ணுக்கு அளவு வரம்பு இல்லை. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட்டில் 9007199254740992-க்கு மேல் எல்லா முழு எண்களும் துல்லியமாக நிற்பதில்லை. 9007199254740993 என்ற உறுப்பினர் எண் அனுப்பினால் கடைசி இலக்கம் 2 ஆகி, வேறொருவரின் கணக்கைத் திறந்துவிடும். அடையாள எண்களை எப்போதும் எழுத்துச்சரமாக அனுப்புங்கள்.

பிறகு அலகு. 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கிய நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்துபோனதற்கு இதுவே காரணம். ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-விசை நொடியில் எழுதியது. அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வித்தியாசம். கோப்பு சரியாகத் திறந்தது, எண்கள் சரியாகப் படிக்கப்பட்டன, பொருள் மட்டும் தவறியது. நம் நூலகத்தில் "திருப்பவேண்டிய நாள்" அப்படித்தான்: எந்த நேர மண்டலத்தின் நாள், அந்த நாள் முடியும்வரையா தொடங்கும்போதா?

கடைசியாக நடத்தை. "முன்பதிவு செய்" என்ற செய்திக்குப் பதில் வரவில்லை என்றால் மறுபடி அனுப்பலாமா? முதல் செய்தி சேர்ந்து பதில் மட்டும் தொலைந்திருந்தால் இரண்டு முன்பதிவுகள் ஆகிவிடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் அனுப்புபவரே ஒரு தனி அடையாளம் தரவேண்டும், பெறுபவர் அதை நினைவில் வைத்து இரண்டாவது முறை பழைய பதிலையே தரவேண்டும். எவ்வளவு காலம் நினைவில் வைப்பது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

இந்த நான்கையும் ஆராய்ச்சியாக்குவது இப்படி: இரு அமைப்புகளின் ஒவ்வொரு புலத்துக்கும் (தலைப்பு, உறுப்பினர் எண் போன்ற ஒவ்வொரு தகவலுக்கும்) வடிவம், அலகு, வரம்பு, வெறுமை என்றால் என்ன, மாறினால் என்ன என்று ஓர் அட்டவணை எழுதுங்கள். பின் அதிலிருந்து சோதனைகளைத் தானாக உருவாக்க முயலுங்கள். பதிப்பு மாற்றங்களுக்குத் தனிக் கவனம் தேவை. ஒவ்வொரு புலத்தையும் ஓர் எண்ணால் குறிக்கும் புரோட்டோகால் பஃபர்ஸ் என்ற தரவு வடிவத்தில் ஒரு புலத்தை நீக்கிவிட்டு அதே எண்ணை வேறொன்றுக்குக் கொடுத்தால், பழைய நோடு புதிய தரவைப் பழைய பொருளில் படிக்கும். அந்த எண்ணை ஒதுக்கிவைப்பதே விதி.

"அனுப்பும்போது கண்டிப்பாய் இரு, வாங்கும்போது தாராளமாய் இரு" என்ற பொருளில் இணைய முன்னோடி ஜான் போஸ்டல் 1980-இல் எழுதிய கொள்கை இணையத்தை வளர்த்தது உண்மை. ஆனால் தாராளத்துக்கும் விலை உண்டு. தவறான செய்திகளை எல்லோரும் சகித்துக்கொண்டே போனால் தவறே வழக்கமாகிவிடும். இன்னொரு பக்கம், விரிவாக்கத்துக்கென ஒதுக்கிய இடங்களை யாரும் பயன்படுத்தாவிட்டால் அவை துருப்பிடிக்கும். 2018-இல் இணைய இணைப்புகளை மறையாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.3 பதிப்பு வந்தபோது, இடையில் இருந்த சாதனங்கள் புதிய பதிப்பு எண்ணைக் கண்டு இணைப்பை அறுத்ததால், அது தன்னை 1.2 என்றே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக வந்த கிரீஸ் என்ற உத்தி 2020-இல் ஆர்எஃப்சி 8701 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளியானது: அவ்வப்போது அர்த்தமற்ற புதிய மதிப்புகளை வேண்டுமென்றே அனுப்பி, தெரியாததைப் புறக்கணிக்கும் பழக்கத்தை எதிர்ப்பக்கத்தில் உயிரோடு வைப்பது. உங்கள் நெறிமுறையிலும் முதல் பதிப்பிலிருந்தே இதைச் சேருங்கள்.

ஒத்தியங்குகிறது என்று சொல்ல, ஒருவரையொருவர் பார்க்காமல் எழுதிய இரண்டு நிரல்களாவது வேண்டும். விவரக்குறிப்பை மட்டும் ஒரு நண்பரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு சந்தேகமும் விவரக்குறிப்பில் உள்ள ஓட்டை. இணையத் தரவைக் கடத்தும் குவிக் நெறிமுறையை உருவாக்கியவர்கள், பல தரப்பினரின் நிரல்களை ஒவ்வொன்றோடும் கோர்த்துச் சோதிக்கும் பெரிய கட்டத்தை நடத்தியபடியே 2021-இல் ஆர்எஃப்சி 9000-க்கு வந்து சேர்ந்தார்கள்.

படி 7: கட்டியதை உடையுங்கள்

மூன்று கன்டெய்னர்கள் (ஒரே கணினிக்குள் தனித்தனிக் கணினிபோல் ஓடும் சூழல்கள்), லினக்ஸின் நெட்எம் வசதி, ஒரு ஸ்கிரிப்ட். தாமதம், செய்தி இழப்பு, வரிசை மாற்றம் மூன்றையும் நெட்எம் தரும். அதோடு நிற்காமல் ஓடும் நிரலைச் சிக்ஸ்டாப் என்ற நிறுத்தும் சிக்னலால் முப்பது நொடி உறையவைத்து, பிறகு எழுப்புங்கள். தான் தூங்கியதே தெரியாமல் "மற்ற நோடுகளை வழிநடத்தும் தலைவன் நான்தான்" என்று எழும் நோடு மிக ஆபத்தானது. வட்டை நிரப்புங்கள். கடிகாரத்தைப் பின்னோக்கித் தள்ளுங்கள். பிளவு விழுந்த நேரத்தில் பதிப்பை மாற்றுங்கள்.

உடைக்கும்போது ஒவ்வொரு கோரிக்கையின் தொடக்கம், முடிவு, பதில் ஆகியவற்றைப் பதிந்து, அந்த வரலாறு படி 3-இன் வாக்குக்குப் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். கைல் கிங்ஸ்பரி 2013-இல் தொடங்கிய ஜெப்சன் என்ற சோதனைத் திட்டம் இந்த முறையைப் பலருக்கும் பழக்கியது. லீனியரைசபிலிட்டியைச் சரிபார்ப்பது கணக்களவில் கடினமான வேலை, ஆகவே ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனியாக, குறுகிய வரலாறுகளாக வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராமல் போன கோரிக்கையைத் தோல்வி என்று பதியாதீர்கள். அது நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம். மூன்றாவது நிலையாக, "தெரியாது" என்றே பதியவேண்டும்.

படி 8: நேர்மையாக அளவிடுங்கள்

முதல் ஒப்பீடு எப்போதும் ஒற்றைச் சர்வரோடு. 2015-இல் மெக்ஷெரி, ஐசர்ட், மர்ரே மூவரும் காட்டியது இன்றும் சுடுகிறது: 128 கோர்களில் ஓடிய கிராஃப் (முனைகளும் அவற்றின் இணைப்புகளும் கொண்ட தரவு) கணிப்பு அமைப்புகள் சிலவற்றை, ஒரே ஒரு திரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே வேலையாக, ஓடிய எளிய நிரல் வென்றது. உங்கள் அமைப்பு எத்தனை நோடுகளில் ஒற்றைச் சர்வரை முந்துகிறது என்பதைக் கட்டுரையில் மறைக்காமல் சொல்லுங்கள்.

தாமதத்தை அளக்க இரண்டு இயந்திரங்களின் கடிகாரங்களைக் கழிக்காதீர்கள். சில சமயம் அனுப்புவதற்கு முன்பே சேர்ந்துவிட்டதாக விடை வரும். போய்வரும் நேரத்தை ஒரே இயந்திரத்தில், பின்னோக்கிப் போகாத கடிகாரத்தால் அளங்கள்.

இன்னொரு பொறி: பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும் சோதனைக் கருவி. நொடிக்கு ஆயிரம் கோரிக்கைகள் வரவேண்டிய இடத்தில் சர்வர் ஒரு நொடி உறைந்தால், அந்தக் கருவி ஒரே ஒரு மெதுவான பதிலைப் பதியும். உண்மையில் ஆயிரம் பேர், சராசரியாக அரை நொடி காத்திருப்பார்கள். கால அட்டவணைப்படி அனுப்பி, அனுப்பியிருக்க வேண்டிய நேரத்திலிருந்து கணக்கிடுங்கள். சராசரியை மட்டும் தராமல் 99-வது சதமானத்தையும், அதாவது நூற்றில் 99 கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிகின்றன என்பதையும், தாருங்கள். ஒரு பக்கத்தைக் காட்ட நூறு சர்வர்களைக் கேட்கவேண்டும், ஒவ்வொன்றும் நூற்றில் ஒருமுறை மட்டும் மெதுவாகும் என்றாலும், 63 சதவீதப் பக்கங்கள் மெதுவாகவே வரும்.

படி 9: எழுதி, பிறர் கையில் கொடுங்கள்

எங்கே அனுப்புவது என்பது கேள்வியின் தன்மையைப் பொறுத்தது. கணித நிரூபணம் மையமென்றால் பிஓடிசி மாநாடு, கட்டிய அமைப்பு மையமென்றால் யூரோசிஸ், என்எஸ்டிஐ, மிடில்வேர் மாநாடுகள். பகிர்ந்தியங்கும் பயன்பாடுகளும் ஒத்தியங்குதலும் சேர்ந்த பொருளுக்கு, 1997-இல் தொடங்கிய டாய்ஸ் மாநாடு இருக்கிறது. இப்போது அது டிஸ்கோடெக் என்ற கூட்டு மாநாட்டின் ஒரு பகுதி. கட்டுரையில் சிஸ்டம் மாடலை இரண்டாம் பக்கத்துக்குள் வையுங்கள். எந்தப் பழுதில் உங்கள் அமைப்பு வாக்குத் தவறும் என்பதை நீங்களே எழுதுங்கள். மதிப்பீட்டாளர் கண்டுபிடித்துக் கேட்பதைவிட அது நல்லது.

நிரல், தரவு, பழுது ஸ்கிரிப்ட்கள் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக்குங்கள். இவை கிடைக்கின்றனவா, இயங்குகின்றனவா, முடிவுகள் திரும்ப வருகின்றனவா என்று தனித்தனியே சோதித்து முத்திரை தரும் வழக்கம் ஏசிஎம் என்ற கணினித்துறைச் சங்கத்தின் மாநாடுகளில் உண்டு. அனுப்பும் முன் ஒரு வேலை பாக்கி. திட்டத்தில் இல்லாத ஒருவரிடம் வெற்றுக் கணினியையும் உங்கள் வழிமுறைக் கோப்பையும் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள். அவர் எந்த வரியில் நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அந்த வரியைக் குறித்துக்கொண்டு திருத்துங்கள். பிறகு இன்னொருவரை அழையுங்கள்.